எட்டுப் பூனைகளின் வரிசை

அந்தப் படம் உங்கள் கைபேசிக்கும் எப்போதாவது வந்திருக்கும். இடமிருந்து வலமாக எட்டுப் பூனைகள். முதல் பூனை நம் வீட்டு வாசலில் படுத்திருப்பதுதான்: புசுபுசு மயிர், உருண்டைக் கண்கள். அடுத்ததில் கண்களில் கொஞ்சம் மிரட்சி. அதற்கடுத்ததில் மயிர் தீக்கொழுந்துபோல் சிலிர்த்து நிற்கிறது. உடம்பைச் சுற்றி வண்ண அலைகள். ஐந்தாவது, ஆறாவது வரும்போது பூனை ஏதோ உக்கிர தெய்வம்போல் ஆகிவிடுகிறது. கடைசிப் படத்தில் பூனையே இல்லை. நிறங்களும் கோணங்களும் மட்டும். கீழே ஒரு குறிப்பு: மனச்சிதைவு நோய் ஒரு ஓவியரின் மூளையை எப்படிப் படிப்படியாகத் தின்றது பாருங்கள்.

நான் அதைக் கல்லூரி நாட்களில் பார்த்தேன். பார்த்தவுடன் நாலைந்து நண்பர்களுக்கு அனுப்பினேன். "பைத்தியம் முத்துறது எப்படின்னு பாருடா" என்று எழுதியதாக ஞாபகம். ஓவியரின் பெயரைக்கூடக் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது, எட்டுப் படத்தில் கதை முழுசாக முடிந்துவிட்டதே.

வெகுநாள் கழித்துத்தான் ஒரு சின்ன விஷயம் தெரிந்தது. அந்த எட்டுப் படங்களில் ஒன்றில்கூடத் தேதி இல்லை. எது முதலில் வரைந்தது, எது கடைசியில் வரைந்தது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அப்படியானால் அந்த வரிசையை யார் போட்டது? இந்தக் கேள்வியோடுதான் லூயிஸ் வெய்ன் என்ற மனிதரைத் தேடிப் போனேன்.

*

லூயிஸ் வெய்ன் 1860 ஆகஸ்ட் 5 அன்று லண்டனின் கிளர்க்கன்வெல் பகுதியில் பிறந்தார். அப்பா துணி வியாபாரத்தில் இருந்தவர். அம்மா பிரெஞ்சு வழிக் குடும்பத்தவர். கம்பளங்களுக்கும் தேவாலயத் துணிகளுக்கும் வடிவங்கள் வரைந்து கொடுத்தவர். அதாவது பூவும் கொடியும் திரும்பத் திரும்ப வரும் அச்சு வடிவங்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிளவுபட்ட உதட்டோடு பிறந்தவர். பத்து வயது வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அனுப்பிய பிறகும் பையன் வகுப்பில் தங்கவில்லை. லண்டன் தெருக்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு மேற்கு லண்டன் கலைப்பள்ளியில் படித்து, அங்கேயே கொஞ்ச காலம் ஆசிரியராகவும் இருந்தார். 1880-இல் அப்பா இறந்தார். லூயிஸுக்கு 20 வயது. வீட்டில் அம்மாவும் ஐந்து தங்கைகளும். ஐந்து பேரில் ஒருவருக்கும் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. ஆறு பெண்களின் சாப்பாடு ஒரே ஒரு பேனா முனையில் தொங்கிய கதை அன்று தொடங்கியது.

அப்போதெல்லாம் அச்சில் புகைப்படம் வருவது அரிது. பத்திரிகைக்குச் செய்திப் படம் வேண்டுமென்றால் ஓவியர்தான் போய் வரைந்து வர வேண்டும். வெய்ன் அந்த வேலைக்குப் போனார். நாட்டுப்புற மாளிகைகள், விவசாயக் கண்காட்சிகள், பரிசு வாங்கிய மாடு, பன்றி, நாய் எல்லாவற்றையும் வரைந்தார். மிருகங்கள் அவர் கைக்கு நன்றாகவே வந்தன. பூனை மட்டும் இன்னும் வரவில்லை.

*

1884 ஜனவரியில் வெய்ன் எமிலி ரிச்சர்ட்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். எமிலி அவர் தங்கைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர். வெய்னைவிடப் பத்து வயது மூத்தவர். விக்டோரியா காலத்து நடுத்தர வர்க்கத்துக்கு இந்த இரண்டில் ஒன்று போதும் வாய் பேச. இங்கே இரண்டும் சேர்ந்துவிட்டது. தம்பதி தனியாக ஹாம்ப்ஸ்டெட் பகுதிக்குக் குடிபோனார்கள்.

கொஞ்ச நாளில் எமிலிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. எமிலி படுக்கையில் விழுந்த அந்த நாட்களில்தான் பீட்டர் அவர்களுக்குத் துணையாக இருந்தான். கறுப்பும் வெள்ளையுமான குட்டி. தெருவிலிருந்து வந்து சேர்ந்தவன். எமிலியின் கட்டிலே அவன் இடம். மனைவியைச் சிரிக்க வைக்க வெய்ன் அவனுக்கு வித்தைகள் பழக்கினார். கண்ணாடி மாட்டிக்கொண்டு புத்தகம் வாசிப்பதுபோல் உட்கார வைத்தார். அவனைப் பார்த்துப் பார்த்து வரைந்து எமிலியிடம் காட்டினார். அந்தப் படங்களைப் பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னவர் எமிலிதான்.

1886 கிறிஸ்துமஸ் சமயம் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையில் 'பூனைக்குட்டிகளின் கிறிஸ்துமஸ் விருந்து' என்ற அவருடைய படம் வந்தது. பதினோரு கட்டங்களில் சுமார் 150 பூனைகள். அழைப்பிதழ் எழுதும் பூனை, விளையாட்டு ஆடும் பூனை, மேடையேறிப் பேசும் பூனை. ஊரே பார்த்துச் சிரித்தது. வெய்ன் என்ற பெயரை ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

1887 ஜனவரி 2 அன்று எமிலி இறந்தார். கல்யாணமாகி மூன்று வருடம்கூட நிறையவில்லை.

தன் தொழிலுக்கே அஸ்திவாரம் பீட்டர்தான் என்று வெய்ன் பிற்காலத்தில் எழுதினார். இங்கிலாந்தின் வரவேற்பறைகளையும் குழந்தைகளின் அறைகளையும் முப்பது வருடம் நிறைத்த அந்தச் சிரிப்பு, சாகக் கிடந்த ஒரு பெண்ணுக்காக வரைந்த சிரிப்பாகத் தொடங்கியது.

*

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பூனைக்கு என்ன மரியாதை இருந்தது என்று தெரிந்தால்தான் வெய்ன் செய்தது புரியும். நாய்க்குத் தனி அந்தஸ்து: ராணி வளர்ப்பார், பிரபுக்கள் வேட்டைக்குக் கூட்டிப் போவார்கள், பெரிய ஓவியர்கள் வரைவார்கள். பூனை எலி பிடிக்கும் ஜந்து, அவ்வளவுதான். 1871-இல் ஹாரிசன் வெயர் என்பவர் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் பூனைகளுக்கென்று ஒரு கண்காட்சி நடத்தினார். பூனையை உட்கார வைத்து அழகு பார்க்கலாம் என்பதே பலருக்கு அப்போதுதான் தோன்றியது. வெயர் தொடங்கிய தேசியப் பூனைச் சங்கத்துக்குப் பிறகு வெய்னே தலைவராக வந்தார்.

அவருடைய ஆரம்பப் பூனைகள் நாலு காலில் நின்றன. உடம்பில் துணி இல்லை. வருடங்கள் போகப் போகப் பூனைகள் எழுந்து நின்றன. கோட்டுப் போட்டன. ஒற்றைக் கண்ணாடி மாட்டின. சுருட்டுப் பிடித்தன, கோல்ஃப் ஆடின, தேநீர் விருந்தில் வம்பு பேசின, சீட்டாட்டத்தில் கள்ளத்தனம் செய்தன. பள்ளிக்கூடத்தில் ஒரு பூனை வாத்தியார் பிரம்போடு நிற்பார். முன் பெஞ்சுக் குட்டிகள் பணிவாக இருக்கும், பின் பெஞ்சுக் குட்டிகள் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். எங்கள் பள்ளியைப் பார்த்து வரைந்தாரோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இதன் சூட்சுமத்தை வெய்னே சொல்லியிருக்கிறார். ஓட்டல் மாதிரிப் பொது இடத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வாராம். எதிரே சாப்பிடுகிறவர்களை அப்படியே பூனைகளாக வரைவாராம். அவர் பூனையை மனிதனாக்கினார் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவர் வேலை செய்ததோ எதிர்த் திசையில். முதலில் மனிதர்கள், அவர்கள் மேல்தான் பூனைத் தோல். அதனால்தான் அந்தப் படங்களில் நாம் சிரிப்பது பூனையைப் பார்த்து இல்லை; பந்தியில் பக்கத்து இலையை நோட்டம் விடும் அந்த ஆளை நமக்குத் தெரியும், அதுதான் காரணம்.

வருடத்துக்கு நூற்றுக்கணக்கான படங்கள் வரைந்தார். 1901 முதல் அவர் பெயரிலேயே ஆண்டு மலர் வந்தது. சுமார் நூறு குழந்தைகள் புத்தகங்களில் அவர் படங்கள் உள்ளன. தபால் அட்டைகளுக்குக் கணக்கு வைப்பது கஷ்டம். பூனைகளுக்கென்று ஒரு நடையையும், ஒரு சமூகத்தையும், ஓர் உலகத்தையுமே உண்டாக்கியவர் என்று எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் அவரைப் புகழ்ந்தார். வெய்ன் வரைந்த மாதிரி இல்லாத ஆங்கிலேயப் பூனைகள் தங்களைப் பார்த்துத் தாங்களே வெட்கப்படுகின்றன என்று வேடிக்கையாகவும் சொன்னார்.

*

இவ்வளவு புகழ் இருந்ததே, பணம்? அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார்.

வெய்னுக்கு வியாபாரம் தெரியாது. படத்தை விற்கும்போது உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிடுவார். பதிப்பாளர் அதே பூனையைப் புத்தகத்தில் போடுவார், அட்டையில் போடுவார், இன்னொருவருக்கு விற்பார். வெய்னுக்கு முதல் தடவை வாங்கிய காசோடு சரி. சந்தையில் அவர் படங்கள் பெருகப் பெருகப் புதுப் படத்துக்கு விலை குறைந்தது. அவருக்கு எதிராக நின்றவை அவருடைய பழைய பூனைகளே.

குடும்பத்தில் அடி மேல் அடி. 1901-இல் தங்கை மேரிக்கு மனநோய் என்று சான்றிதழ் எழுதப்பட்டது. 1907-இல் கடனுக்காக வழக்கு வந்தது. அந்த வருடமே நியூயார்க் போனார். அங்கே ஹெர்ஸ்ட் குழுமப் பத்திரிகைகளுக்குப் பூனைச் சித்திரத் தொடர் வரைந்தார். கொஞ்சம் சம்பாதித்தார். சம்பாதித்ததை ஒரு புதுவகை விளக்குக் கண்டுபிடிப்பில் போட்டு இழந்தார். 1910-இல் ஊர் திரும்பியபோது அம்மா உயிரோடு இல்லை.

1914-இல் பீங்கானில் பூனைப் பொம்மைகள் வடிவமைத்தார். நேர்க்கோடும் கூர்க்கோணமுமாக வெட்டிய உடம்பு, கண்ணைப் பறிக்கும் நிறங்கள். 'எதிர்காலவாத' அதிர்ஷ்டப் பூனைகள் என்று பெயர் வைத்து விற்றார்கள். வீட்டுப் பூனையின் சாயல் அவற்றில் குறைவு. பிக்காசோ காலத்துப் பூனைகள் என்று சொல்லலாம். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வருடம் போர் வந்தது. காகிதத் தட்டுப்பாட்டில் குழந்தைகள் புத்தகமும் வாழ்த்து அட்டையும்தான் முதலில் அடிபட்டன. அந்த அக்டோபரில் வெய்ன் பேருந்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். குறுக்கே ஓடிய பூனையைக் காப்பாற்ற ஓட்டுநர் வண்டியைத் திருப்பினார், அதில்தான் விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை இவ்வளவு பொருத்தமாக இருப்பதாலேயே எனக்கு அதில் நம்பிக்கையில்லை. இந்த மனிதரின் வாழ்க்கையில் யார் கை வைத்தாலும் அதை ஒரு நல்ல கதையாக ஆக்கித்தான் விடுகிறார்கள்.

*

நோய் பொய்யில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

1917-இல் இன்னொரு தங்கை கரோலின் இறந்தார். அதன் பிறகு வெய்னின் நடத்தை மாறியது. வீட்டுச் சாமான்களை ஓயாமல் இடம் மாற்றினார். அறையைப் பூட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதினார். சினிமாத் திரையின் மினுக்கம் தங்கைகளின் மூளையிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சிவிட்டது என்றார். தங்கைகள்மீது சந்தேகப்பட்டார், சாதுவாக இருந்த மனிதர் அவர்களிடம் கைநீட்டவும் ஆரம்பித்தார். கையில் காசில்லாமல், கூடவே வாழ்ந்த அண்ணனுக்குப் பயந்துகொண்டு அந்தப் பெண்கள் எத்தனை இரவுகளைக் கழித்தார்களோ. 1924 ஜூனில் அவர்களே முடிவெடுக்க வேண்டியிருந்தது. டூட்டிங் பகுதியிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்ட் மனநல மருத்துவமனையில், காசில்லாத ஏழைகளுக்கான வார்டில் வெய்னைச் சேர்த்தார்கள்.

இங்கிலாந்தில் பாதி வீடுகளில் தெரிந்த பெயர். ஆனாலும் ஒரு வருடம்போல் அவர் அங்கே இருப்பது வெளியே யாருக்கும் தெரியவில்லை. 1925-இல் மருத்துவமனையைப் பார்வையிட வந்த குழுவில் டான் ரைடர் என்ற புத்தக வியாபாரி இருந்தார். ஒரு மூலையில் ஒரு கிழவர் பூனை வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். நீங்கள் லூயிஸ் வெய்ன் மாதிரியே வரைகிறீர்களே என்று ஆச்சரியப்பட்டார். நான்தான் லூயிஸ் வெய்ன் என்றார் கிழவர்.

ரைடர் சும்மா இருக்கவில்லை. நிதி திரட்டினார். வெல்ஸ் குரல் கொடுத்தார். முந்தைய வருடம்வரை பிரதமராக இருந்த ராம்சே மெக்டொனால்ட் தலையிட்டார். வெய்னை பெத்லம் ராயல் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்துக்குப் 'பெட்லம்' என்று ஒரு சொல் உண்டே, அது இந்த மருத்துவமனையின் பெயரிலிருந்து வந்ததுதான். வெய்ன் இருந்த அந்தக் கட்டடத்தில் இன்று போர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1930-இல் மருத்துவமனை லண்டனுக்கு வெளியே இடம் மாறியபோது, வெய்ன் செயின்ட் ஆல்பன்ஸ் ஊருக்குப் பக்கத்திலிருந்த நாப்ஸ்பரி மருத்துவமனைக்குப் போனார். அங்கே தோட்டம் இருந்தது, தோட்டத்தில் பூனைகள் இருந்தன. வரைந்துகொண்டே இருந்தார். 1939 ஜூலை 4 அன்று இறந்தார்.

*

இப்போது அந்த எட்டுப் படங்களுக்கு வருவோம்.

1930-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் எரிக் குட்மன், வால்டர் மெக்லே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் நோய்க்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மெஸ்கலின் என்ற போதை மருந்தைக் கொடுத்து ஓவியர்களை வரையச் சொல்லிப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தத் தசாப்தத்தின் கடைசியில் மெக்லேயின் கண்ணில் லண்டன் கடையொன்றில் வெய்னின் எட்டுப் படங்கள் பட்டன. வாங்கினார். வரைந்தவர் மனநோய் விடுதியில் இருந்தவர் என்பது தெரியும். தேதி தெரியாது. சாதுவான பூனையை முதலில் வைத்தார், கலைந்த பூனையைக் கடைசியில் வைத்தார், இடைப்பட்டவற்றை இடையில் வைத்தார். நோய் இப்படித்தான் முற்றும் என்று ஏற்கெனவே நம்பினார். அந்த நம்பிக்கையின்படி அடுக்கினார். பிறகு அந்த அடுக்கே நம்பிக்கைக்குச் சாட்சியானது. பல பத்தாண்டுகள் உளவியல் பாடநூல்களில் அந்த வரிசை அச்சானது. பாடநூலிலிருந்து இணையத்துக்கு, இணையத்திலிருந்து என் கைக்கு, என் கையிலிருந்து நாலைந்து நண்பர்களுக்கு.

வரிசையைக் கொஞ்சம் உரசிப் பார்த்தால் போதும், சாயம் போகிறது. கோணமும் வெட்டுமான பூனைகளை வெய்ன் 1914-லேயே, விடுதிக்குப் போவதற்குப் பத்து வருடம் முன்பே செய்துவிட்டார். விடுதியில் இருந்த கடைசி வருடங்களிலும் சாதாரணமான, கொழுகொழுப் பூனைகளை, தோட்டத்து மரங்களை, மருத்துவமனைக் கட்டடங்களை வரைந்துகொண்டுதான் இருந்தார். அவர் வாழ்க்கை வரலாற்றை 1968-இல் எழுதிய ராட்னி டேல் இதையெல்லாம் சுட்டிக்காட்டி, அந்த வரிசைக்கு ஆதாரமில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்.

அந்தக் 'கலைந்த' பூனைகளை நிதானமாகப் பாருங்கள். ஒரு பக்கம் இருப்பது மறு பக்கமும் அச்சு மாறாமல் இருக்கிறது. பட்டுச் சேலை முந்தானைபோல, கம்பளம்போல, கோடுகள் கணக்காக மடங்கித் திரும்புகின்றன. சின்ன வயதில் அம்மாவின் மேசையில் பார்த்த வடிவங்கள் அவை. சிதறிய மூளை இப்படிக் கணக்குத் தவறாமல் வரையுமா? நம் தெருவில் நேற்று மயில் கோலம் போட்ட அக்கா இன்று சிக்குக் கோலம் போட்டால், அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றா சொல்கிறோம்? இன்னிக்கு நேரம் நிறைய இருந்திருக்கு போல என்போம். வெய்னுக்கும் ஐம்பது வருட உழைப்பில் முதல் முறையாக நேரம் கிடைத்தது. தங்கைகளின் சாப்பாட்டுக்காகவோ பதிப்பாளரின் கெடுவுக்காகவோ வரைய வேண்டியதில்லை. தனக்கு வேண்டிய நிறத்தைத் தனக்கு வேண்டிய இடத்தில் வைக்கலாம்.

இப்படிச் சொல்லும்போது எதிர்ப்பக்கம் சறுக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. நோயே இல்லை, எல்லாம் கலைதான் என்று சொல்வது இன்னொரு வசதியான கதை. தங்கைகளின் பயம் உண்மை. வெய்ன் பட்ட வேதனை உண்மை. என்ன நோய் என்பதில் இன்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: மனச்சிதைவு என்கிறார்கள், ஆட்டிசம் என்கிறார்கள், பூனையிலிருந்து தொற்றும் ஒட்டுண்ணி என்றுகூட ஒரு கட்சி உண்டு. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: ஒரு மனிதருக்கு நோய் இருந்தது என்பதற்காக அவர் கை செய்ததெல்லாம் நோயின் கைவேலை ஆகிவிடாது.

கலை விமர்சகர்கள் வெய்னை அதிகம் கண்டுகொள்ளவில்லை. தபால் அட்டை, குழந்தைப் படம், அதுவும் சிரிப்புப் படம். இதற்கெல்லாம் யார் விமர்சனம் எழுதுவார்கள்? அவர்கள் விட்டுவிட்ட காலி இடத்தில்தான் மருத்துவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சிரிக்க வைத்த காலத்தில் அவரை யாரும் ஆராயவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது என்று நினைத்த பிறகுதான் எல்லோருக்கும் அவர் 'முக்கியமானவர்' ஆனார். 1972-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தது. 2021-இல் பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்து ஒரு திரைப்படமும் வந்துவிட்டது. ஆனாலும் அந்த எட்டுப் படங்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன, அதே வரிசையில்.

பெத்லம் அருங்காட்சியகத்தில் அந்த எட்டுப் படங்களும் இருக்கின்றன. அங்கேயே வெய்னின் வேறொரு வேலையும் இருக்கிறது: சில நிலைக்கண்ணாடிகள். பெத்லத்தில் நோயாளியாக இருந்தபோது, கிறிஸ்துமஸுக்காக வார்டுக் கண்ணாடிகளின்மேல் அவர் பூனைகளை வரைந்து கொடுத்தார். பண்டிகைப் பலகாரத்தோடு பல்லைக் காட்டிச் சிரிக்கும் பூனைகள். நாற்பது வருடங்களுக்கு முன் எமிலியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்த கிறிஸ்துமஸ் விருந்துக்கு இவையும் வந்திருக்கலாம் என்றே தோன்றும். தலை வாரவோ முகம் பார்க்கவோ அந்தக் கண்ணாடி முன் வந்து நின்ற நோயாளிக்குத் தன் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு பூனை சிரிப்பது தெரிந்திருக்கும். மெக்லேயின் வரிசையில் இந்தப் பூனைகளுக்கு இடமில்லை.

அந்த நாலைந்து நண்பர்களில் இரண்டு பேரோடு இன்னும் தொடர்பு இருக்கிறது. கண்ணாடிப் பூனையின் படத்தை அவர்களுக்கு அனுப்பினேன். "யார்ரா வரைஞ்சது, செமயா இருக்கு" என்று ஒருவன் கேட்டிருந்தான். இந்தத் தடவை பெயரையும் எழுதி அனுப்பினேன்.